தளபதியைக் கொன்ற குடும்பம்

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று எங்கள் வட்டாரத்தில் எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும் பாதிப் பேர் தோல் தொழிலால்தான் சாப்பிடுகிறார்கள். ஆனால் முப்பாட்டனார் என்று பேச்சு வந்துவிட்டால் எல்லாருக்கும் அவர் சிப்பாய். வேலூரில் கோட்டை இருக்கிறது, கோட்டை என்றால் பட்டாளம், பட்டாளம் என்றால் அதில் நம்முடைய ஆள் ஒருவராவது இருந்திருக்க வேண்டாமா? எல்லாக் குடும்பத்துச் சிப்பாய்களையும் சேர்த்துப் பார்த்தால் அந்தக் காலத்துக் கோட்டையில் ஒற்றைக் காலில் நிற்கக்கூட இடம் இருந்திருக்காது.

எங்கள் வீட்டுச் சிப்பாய் கொஞ்சம் விசேஷமானவர். கம்பெனிப் படையோடு சென்னையில் கப்பலேறி, பர்மாவில் வெள்ளைக்காரர்கள் நடத்திய முதல் யுத்தத்துக்குப் போய், பர்மிய ராஜாவின் பெரிய தளபதியையே சுட்டுக் கொன்றவர். அவருக்குக் கீழே இருந்தவர்கள் யாரையும் எங்கள் முப்பாட்டனார் சுட்டதாகத் தகவல் இல்லை. அப்படிப்பட்ட சில்லறை வேலைக்கெல்லாம் அவர் பர்மாவுக்குப் போகவில்லை போலும்.

அந்தத் தளபதிக்குப் பெயர் உண்டு. ரங்கூனில் அவர் பெயரில் தெரு இருக்கிறது, பூங்கா இருக்கிறது. நான் அதை எப்படி எழுதினாலும் உச்சரிப்பு தப்பு என்று சொல்ல எனக்கு ஒருவர் இருக்கிறார் என்பதால், இங்கே தளபதி என்றே இருக்கட்டும்.

என் அப்பா வேலூர் ஆஸ்பத்திரி ஒன்றில் ரிகார்டு செக்‌ஷனில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். ஒரு நோயாளியின் ஃபைல்கூட அவர் கையில் தொலைந்ததில்லை என்பது அவருடைய பெருமை. வீட்டில் காலையும் மாலையும் குடும்ப ஜெபம் நடக்கும். அப்பாவின் ஜெபமும் ஒரு ஃபைல்தான். முதல் பக்கத்தில் முப்பாட்டனார் தளபதியைக் கொல்வார். அங்கிருந்து தலைமுறை தலைமுறையாக இறங்கி, கடைசியில் என் பி.காம். அரியருக்கு வந்து நிற்கும். நான் பாஸ் செய்த பிறகும் இரண்டு வருடம் அதற்காக ஸ்தோத்திரம் சொன்னார். என் நண்பர்கள் எதிரிலும் சொன்னார்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எனக்கு ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் கடிதம் எழுதும் வேலை. இடது கால் ஷூ வலது கால் ஷூவைவிட நீளமாக இருக்கிறது என்று ஜெர்மனியிலிருந்து எழுதுவார்கள். தங்கள் கடிதம் கண்டோம், மிகவும் வருந்துகிறோம், காரணத்தை ஆராய்ந்து வருகிறோம் என்று நான் ஆங்கிலத்தில் பதில் எழுதுவேன். ஆராய்ச்சி எதுவும் நடக்காது. வருத்தம் மட்டும் ஓரளவு உண்மை.

காலையில் நான் காட்பாடியில் ரயில் ஏறி ஆம்பூர் போவேன். நான் காதலித்த பெண் ஆம்பூரில் ஏறி, காட்பாடியில் இறங்கி, வேலூருக்கு நர்ஸ் வேலைக்குப் போவாள். அவள் வண்டி வந்து நிற்பதற்கும் என் வண்டி கிளம்புவதற்கும் நடுவில் இருந்த சில நிமிடங்களில்தான் எங்கள் காதல் வளர்ந்தது. என் வண்டி தாமதமானால் கூடுதலாக வளரும். அவள் வண்டி தாமதமானால் அன்றைக்கு வளர்ச்சி இல்லை. இப்படியே இரண்டு வருடம் போனது. "இன்னும் எத்தனை நாளைக்கு பிளாட்பாரத்துலயே பேசறது? வீட்ல வந்து கேளுங்க" என்றாள் ஒரு நாள். என் வண்டிக்குப் பச்சைக் கொடி காட்டிவிட்டார்கள். சரி என்று ஜன்னல் வழியாகத்தான் சொன்னேன்.

அவள் அப்பா ஆம்பூரில் ஒரு தோல் ஷெட்டில் தரம் பிரிப்பவர். அறுபதுகளில், அங்கே வந்த ராணுவ ஆட்சி இந்தியர்களை வெளியேற்றியபோது, பர்மாவிலிருந்து கப்பலில் திரும்பி வந்த குடும்பம். இதை அவள் என்னிடம் சொல்லியிருந்தாள். நான் அப்பாவிடம் சொல்லவில்லை. மறைத்தேன் என்று பெரிதாகச் சொல்ல முடியாது. அது முக்கியம் என்று எனக்குத் தோன்றவில்லை. நிறையப் படித்தவனுக்கு எது முக்கியம் என்பது மட்டும் தெரியாமல் போவதுண்டு.

ஒரு சனிக்கிழமை மதியம் பெண் பார்க்கப் போனோம். ஹாலில் நாற்காலிகள், நடுவில் கேக்கும் மிக்சரும், சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு படம். ஜரிகை உடுப்பும் கூர்மையான கிரீடம் போன்ற தொப்பியும் போட்ட ஒருவர் தங்கக் குடைக்குக் கீழே நிற்கிறார். அப்பா எழுந்து போய்க் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"கிறிஸ்துமஸ்ல கிழக்கேயிருந்து வர்ற ராஜாதானே?" என்று பெண்ணின் அம்மாவிடம் கேட்டார். "மீதி ரெண்டு பேரு எங்க?"

அந்த அம்மாள் என்ன சொல்வது என்று தெரியாமல், "ஒருத்தர்தாங்க கிடைச்சாரு" என்றார். அவள் அப்பா அப்போதுதான் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே உள் அறையிலிருந்து வந்தார். எதுவும் காதில் விழவில்லை.

எங்கள் வீடுகளில் பெண் பார்க்கும்போது மாப்பிள்ளை வீட்டார் ஜெபத்தில் ஆரம்பிப்பார்கள், பெண் வீட்டார் ஜெபத்தில் முடிப்பார்கள். அப்பா எழுந்து நின்றார். எல்லாரும் தலை குனிந்து கண்ணை மூடினோம். அப்பா ஃபைலைத் திறந்தார்.

"எங்கள் பரம பிதாவே, இந்தக் குடும்பத்தை ஆதிமுதல் நடத்தி வந்தீரே, ஸ்தோத்திரம். எங்கள் முப்பாட்டனாரைக் கடல் கடந்து பர்மா தேசத்துக்கு அழைத்துப்போனீரே, ஸ்தோத்திரம். அங்கே அந்தப் பொல்லாத தளபதியை அவர் கையில் ஒப்புக்கொடுத்து, ஒரே குண்டில் விழப்பண்ணினீரே, ஸ்தோத்திரம்."

நான் கண்ணைத் திறந்தேன். எதிரில் அவளும் திறந்திருந்தாள். அவள் அப்பா கண்ணைத் திறந்து சுவரில் இருந்த படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் பார்வையும் அங்கே போய்விட்டு என்னிடம் வந்தது. அந்தக் குடை, அந்த உடுப்பு, பர்மா. படத்தில் இருப்பவர் அந்தத் தளபதி என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஒருவர் பேசும்போது குறுக்கே புகுந்து நிறுத்தலாம். ஜெபத்தை நிறுத்த எங்கள் சமூகத்தில் இதுவரை யாரும் வழி கண்டுபிடிக்கவில்லை. அப்பா நிதானமாக என் அரியர் வரைக்கும் வந்து முடித்தார்.

கேக் சாப்பிட்டோம்.  பிறகு முடிவு ஜெபத்துக்கு அவள் அப்பா எழுந்தார். மேடையில் பேசுகிற குரல் அவருக்கு.

"ஆண்டவரே, தன் ஊருக்குள்ள கப்பல்ல வந்து இறங்கினவங்களை எதிர்த்து நின்ன மனுஷன் பொல்லாதவரா நல்லவரான்னு உமக்குத் தெரியும். எங்களுக்கும் தெரியும். தெரியாதவங்களுக்குத் தெரியப்படுத்தும்."

அவ்வளவுதான். எங்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நாங்கள் திரும்பிப் போகிற பயணத்துக்குக்கூட ஜெபிக்கவில்லை. பஸ்ஸில் திரும்பும்போது அப்பா, "மனுஷன் சுருக்கமா ஜெபம் பண்றாரு, அனுபவம் கம்மி" என்றார். நான் விஷயத்தை அவரிடம் சொல்லவில்லை. எப்படியாவது நானே சரிசெய்துவிடலாம் என்று ஒரு நம்பிக்கை.

மூன்று வாரமாகத் தகவல் இல்லை. பிளாட்பாரத்தில் அவள் முகம் சரியாக இல்லை.

"உங்க பேச்சை எடுத்தாலே அப்பா தட்டைத் தள்ளி வெச்சிடறாரு. ஜெனரலைக் கொன்ன வீட்டுக்குப் பொண்ணு தரமாட்டாராம்."

"அவர் செத்து நூத்தி எழுபது வருஷம் ஆகுதும்மா."

"எங்க அப்பாவுக்குப் போன வாரம் மாதிரி."

அதோடு இன்னொன்றும் சொன்னாள். ஒடுகத்தூர்ப் பக்கமிருந்து ஒரு வரன் வந்திருக்கிறது. பள்ளிக்கூட வாத்தியார், கொஞ்சம் நிலமும் உண்டு. அடுத்த மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை பார்க்க வருகிறார்கள்.

"அவங்க முன்னோர் யாரையாவது கொன்னிருக்காங்களா?" என்றேன்.

"வேர்க்கடலையைத் தவிர எதையும் பிடுங்கினதில்லையாம். அப்பாவுக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு."

கம்பெனியில் கட்டிங் செக்‌ஷன் சூப்பர்வைசராக இருந்த என் சிநேகிதர், உருதுவும் தமிழும் ஒரே வாக்கியத்தில் பேசுகிறவர், என் மூஞ்சியைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"இன்னா தோஸ்த், ஒரே பேஜாரா இருக்கே? ஜெர்மன்காரன் மறுபடியும் திட்டிட்டானா?"

நடந்ததைச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "ஜாஸ்தி யோசிக்காதே. உங்க முப்பாட்டன் சுடலைன்னு சொல்லிடு. சாட்சி யாரு இருக்கா?" என்றார்.

சுலபமான யோசனை. ஆனால் எனக்கு எதையும் புத்தகத்தில் பார்க்காமல் நம்பிப் பழக்கமில்லை. வேலூரில் ஒரு நூலகத்தில் இரண்டு சனிக்கிழமை உட்கார்ந்து, அந்த யுத்தத்துக்குப் போன வெள்ளைக்கார அதிகாரிகள் எழுதிவைத்ததைப் படித்தேன். தளபதியைப் பற்றி எனக்கு அதுவரை ஒன்றுமே தெரியாது. எங்கள் வீட்டில் அவர் விழுவதற்காக மட்டும் வருவார். புத்தகத்தில் அவர் நிறைய நேரம் நின்றுகொண்டிருந்தார்.

முதலில் அவர் வங்காள எல்லையில் கம்பெனிப் படை ஒன்றை அடித்து விரட்டுகிறார். கல்கத்தாவில் வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டலாமா என்று யோசிக்கிறார்கள். இதற்குள் வேறொரு படை கடல் வழியாக வந்து ரங்கூனைப் பிடித்துக்கொள்கிறது. அதில்தான் நம் சென்னைச் சிப்பாய்கள் இருந்தார்கள். ராஜா தளபதியைத் திரும்ப அழைக்கிறார். கொட்டுகிற மழையில் மலை தாண்டிப் படையைக் கூட்டிக்கொண்டு வருகிறார். ரங்கூனைச் சுற்றி நடந்த சண்டையில் தோற்று, ஐராவதிக் கரையில் ஒரு தேக்குமரக் கோட்டைக்குள் போய் நிற்கிறார். சரணடையச் சொல்லிக் கடிதம் வருகிறது. முடியாது என்று பதில் எழுதுகிறார். அந்தப் பதிலின் மரியாதையான நடையைப் படித்தபோது, நான் ஜெர்மனிக்கு எழுதுகிற கடிதங்களை நினைத்துக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. பிறகு ஒரு நாள் வெளியிலிருந்து எறிந்த வெடிகுண்டு ஒன்று கோட்டைக்குள் விழுந்து அவர் சாகிறார். அது யார் மேல் விழுந்தது என்று எறிந்தவர்களுக்கே அடுத்த நாள்தான் தெரிகிறது. அவர் போனதும் படை கலைந்துவிடுகிறது.

துப்பாக்கியே இல்லை. எங்கள் முப்பாட்டனார் என்ன, எந்தச் சிப்பாயும் அவரைச் சுடவில்லை. இதை இரண்டு பக்கத்துக்கு ஆதாரங்களோடு எழுதி எடுத்துக்கொண்டு அவள் அப்பாவின் ஷெட்டுக்குப் போனேன்.

நீண்ட மேஜையில் பதப்படுத்திய ஆட்டுத் தோல்கள் அடுக்கியிருந்தன. அவர் ஒவ்வொன்றாக எடுத்து உள்ளங்கையால் ஒரு தடவு தடவுவார். முள் கிழித்த இடம், உண்ணி கடித்த இடம் எல்லாம் கைக்குத் தெரியும். பார்க்காமலேயே இடது பக்கமோ வலது பக்கமோ போடுவார். என் இரண்டு பக்கத்தையும் அதே கையால் வாங்கிப் படித்தார். படித்துவிட்டு எந்தப் பக்கமும் போடாமல் திருப்பிக் கொடுத்தார்.

"இது எனக்கும் தெரியும் தம்பி. சின்ன வயசிலேயே தெரியும். குடையை மடக்குங்க, தூரத்துலயே தெரியுதுன்னு சொன்னாங்களாம். மாட்டேன்னாராம். அவரு ஒளிஞ்சா பின்னாடி நிக்கறவன் எங்க நிப்பான்?"

"அப்ப ஏன் அங்கிள், எங்க மேல கோவம்?"

அவர் அடுத்த தோலைத் தடவினார். "ரங்கூன்ல ஸ்கூல்ல இவரைப் பத்தி டிராமா போட்டாங்க. கிளாஸ்ல முப்பது பர்மாக்காரப் பசங்க. டீச்சர் என்னைத்தான் ஜெனரலா நிக்க வெச்சாங்க. இவன் குரல்தான் கடைசி பெஞ்சு வரைக்கும் கேக்கும்னு. எங்களை வந்தேறின்னு கூப்பிடற பசங்கதான் அத்தனை பேரும். அன்னைக்கு என் பின்னாடி நின்னானுங்க. ஒருத்தன் குடை பிடிச்சான்."

"உங்களைக் கப்பல் ஏத்தி அனுப்பினதும் ஒரு ஜெனரல்தானே அங்கிள்?"

கேட்டிருக்கக் கூடாது. ஆனால் அவர் கோபப்படவில்லை.

"அவன் ஊருக்குள்ள இருந்தவங்களை விரட்டினான். இவரு ஊருக்குள்ள வந்தவங்களை விரட்டினாரு. ரெண்டும் ஒண்ணா?"

அவர் இன்னும் இரண்டு தோலைப் பிரித்துப் போட்டார். கடைசியில் அவரே சொன்னார்.

"உங்க அப்பா என்கிட்ட சொல்லியிருந்தா அங்கயே சண்டை போட்டு முடிச்சிருப்பேன். மனுஷன் அதை ஆண்டவர்கிட்ட சொல்லிட்டாரு. ஜெபத்துல வெச்சதை நான் எப்படிங்க திருத்தறது? நீங்களும் பேப்பர்ல எழுதித் திருத்த முடியாது. வெச்சவருதான் எடுக்கணும். ஒடுகத்தூர்க்காரங்க முதல் ஞாயிறு வர்றாங்க. அதுக்கு முந்தின ஞாயிறு வீட்லதான் இருப்பேன்."

ஆக, என் கல்யாணம் என் அப்பாவின் ஜெபத்தில் ஒரு வரியை நீக்குவதில் வந்து நின்றது. எங்கள் வீட்டில் கோட்டைச் சுவரை நகர்த்துவது அதைவிட எளிது.

அன்று மாலை அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். படத்தில் இருந்தவர் யார், அவர் எப்படிச் செத்தார், அவள் அப்பா என்ன சொன்னார். கிறிஸ்துமஸ் ராஜா என்று தான் நினைத்த விஷயத்தில் அப்பா சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. என் இரண்டு பக்கத்தையும் வாங்கி இரண்டு முறை படித்தார்.

"அப்ப நான் இத்தனை வருஷமா, தினம் ரெண்டு வேளை, ஆண்டவர்கிட்ட பொய்யா சொல்லிட்டிருந்தேன்?"

"தெரியாம சொன்னதுதானே அப்பா."

 அன்றைக்குக் குடும்ப ஜெபத்தை அம்மாவைச் செய்யச் சொன்னார். மறுநாளும் அம்மாதான். அந்த வாரம் முழுக்க அப்படித்தான். கல்யாணம் போனாலும் பரவாயில்லை, இந்த மனிதர் பழையபடி முப்பாட்டனாரில் ஆரம்பித்து என் அரியர் வரைக்கும் வந்தால் போதும் என்றுகூட எனக்குத் தோன்றியது. சனிக்கிழமை, "நாளைக்கு ஆம்பூர் போலாம். பாஸ்டரையும் கூப்பிடு" என்றார். அம்மா எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு மோதிரத்தைக் கைப்பையில் போட்டுக்கொண்டார்.

அதே ஹால், அதே நாற்காலிகள். அவள் கதவோரம் நின்றாள். படத்துக்குக் கீழே இருந்த நாற்காலியில் அப்பா உட்காரவில்லை, எதிர்ப் பக்கம் போனார். போதகர் தான் ஆரம்பிக்கட்டுமா என்று கேட்டார். "இல்லீங்க பாஸ்டர், நான் கொஞ்சம் திருத்த வேண்டியது இருக்கு" என்று அப்பா எழுந்தார். கண்ணை மூடிக்கொண்டோம்.

"எங்கள் பரம பிதாவே. அந்தத் தளபதி எங்கள் முப்பாட்டனார் கையால் சாகாமல் போனாரே, அதற்காக உமக்கு ஸ்தோத்திரம்."

என் பக்கத்தில் அம்மாவின் வளையல் சத்தம் கேட்டது.

"தளபதியைச் சேர்த்தது நான், ஆண்டவரே. என் தகப்பனார் சொல்லும்போது அதில் துப்பாக்கி மட்டும்தான் இருந்தது. பிள்ளைகள் கேட்கிறார்களே என்று நான்தான் பெரிய ஆளாகப் பார்த்துச் சேர்த்தேன். நாளாக நாளாக நானே நம்பிவிட்டேன்."

 அங்கேயே முடித்திருக்கலாம். நீக்க வேண்டிய வரி நீங்கிவிட்டது.

"துப்பாக்கியும் இல்லை, ஆண்டவரே. என் தாத்தா என் சின்ன வயதில் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. முப்பாட்டனார் பட்டாளத்துக்குத் தண்ணீர் சுமந்தவர். தோல் துருத்தியில் தண்ணீர் மொண்டு காய்ச்சலில் கிடந்தவர்களுக்கு ஊற்றினவர். என் தகப்பனார் பெண் பார்க்கப் போன இடத்தில், மரியாதையாக இருக்கட்டும் என்று துருத்தியை இறக்கிவைத்துவிட்டுத் துப்பாக்கியைத் தூக்கிக் கொடுத்தார். எனக்குத் தெரியும். தெரிந்தேதான் சொன்னேன். இந்த வீட்டார் மனதையும் நோகப்பண்ணினேன். மன்னியும்."

நூலகத்தில் இரண்டு சனிக்கிழமை தேடினவன் நான். விஷயம் எங்கள் வீட்டிலேயே, ஃபைலின் அடியில் இருந்திருக்கிறது. என் அப்பா மற்றவர்கள் எதிரில் தன்னைப் பற்றி ஒரு குறை சொல்லி அதுவரை நான் கேட்டதில்லை. கண்ணைத் திறக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ஜெபம் முடிந்தது.  அவள் அப்பாதான் முதலில் பேசினார்.

"ஆட்டுத் தோலா, மாட்டுத் தோலா?"

அப்பாவுக்குப் புரியவில்லை. "எதுங்க?"

"அந்தத் துருத்திங்க. முதுகுல போட்டுக்கிட்டாரா, மாட்டு மேல ஏத்தினாரா? முதுகுன்னா ஆட்டுத் தோல். கழுத்தையே வாயா வெச்சு முழுசா உரிச்சிருப்பாங்க."

"தாத்தா முதுகுலதான்னு சொல்வாரு. தோள்ல தழும்பு இருந்துச்சாம்."

"ஆவாரம் பட்டை போட்டுப் பதம் பண்ணதா இருக்கும். ஆனா பர்மா மழைக்கு அது தாங்காதுங்களே. ஒரே மாசத்துல பூஞ்சை பிடிச்சிடும். இன்னா பண்ணாரு?"

"எண்ணெய் தடவினாருன்னு சொல்வாங்க. விளக்கெண்ணெய்."

"விளக்கெண்ணெயா?" அவள் அப்பா நாற்காலியை இழுத்துப்போட்டு அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். "எங்க ஜெனரல் ஆளுங்களுக்கும் அந்த மழையில அதே காய்ச்சல்தானுங்க. யாரு வந்து தண்ணி கேட்டாலும் ஊத்தியிருப்பாரு இல்ல?"

"அதெல்லாம் தாத்தா சொல்லலை" என்றார் அப்பா. அந்த வாரத்திலிருந்து அவருக்கு ஒரு புதுச் சுத்தம் வந்திருந்தது. "தெரியாததை நான் சொல்லமாட்டேன்."

"ஊத்தியிருப்பாருங்க. அதை நான் சொல்லிக்கிறேன்" என்றார் அவர்.

போதகர் இரண்டு முறை இருமினார். அவள் அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, பிரியாணி ஆறுகிறது என்றார். எங்களைப் பற்றி முடிவாக யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அவள் அப்பா திரும்பிப் பார்க்காமலேயே, "அந்த ஒடுகத்தூர்க்காரங்களுக்கு போன் போட்டு வரவேணாம்னு சொல்லிடு" என்றார் மனைவியிடம். சொல்லிவிட்டு, துருத்தியின் வாயை எந்தக் கயிற்றால் கட்டியிருப்பார்கள் என்ற கேள்விக்குப் போய்விட்டார்.

அம்மா கைப்பையைத் திறந்தார். போதகர் எங்களை அருகில் அழைத்துச் சின்னக் குரலில் ஒரு ஜெபம் செய்தார். நான் மோதிரத்தைப் போட்டேன். அவள் விரல் கேசரி பிசுபிசுப்பாக இருந்தது. "தண்ணி தூக்கற வம்சமா நீங்க?" என்றாள் காதருகே. "முன்னாடியே சொல்லியிருந்தா என்னாவாம்? எங்க தெருவுல வாரத்துக்கு ரெண்டு நாள்தான் தண்ணி வருது."

இரண்டு அப்பாக்களும் மோதிரம் போட்டதைப் பார்க்கவில்லை. கட்டியது சணல் கயிறு என்று ஒருவரும், வார்த்தோல் என்று ஒருவரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.